நாலாம் கட்டம்

கிணறு மட்டும் மிச்சம் இருந்தது.
அதற்குள் ஒரு சைக்கிள், ஆருடையதென்று தெரியவில்லை.
அத்திவாரக் கல்லில் இருந்து
வீட்டுத்திட்டப் படிவத்தைத் தொடையில் விரித்து
உத்தியோகத்தர் கேட்டார்:
"குடும்பத் தலைவர் பெயர்?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.
அம்மா கிணற்றைப் பார்த்தா.

அம்பிளாந்துறையில் இப்படி ஒரு கேள்வியை
எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.
வீடு அம்மாவின் அம்மாவிடமிருந்து அம்மாவுக்கு,
அம்மாவிடமிருந்து எனக்கு.
ஆம்பிளை உடுப்புப் பையோடு வருவார்.
சண்டை வந்தால் அதே பையோடு
தாய் வீட்டுக்குப் போவார்,
மூன்றாம் நாள் திரும்பி வருவார்
ஒரு மீன் கோர்வையோடு.
இதற்கு ஆர் உறுதி எழுதுவார்?

பாதை ஓடாத நாளில் வாவியைக் கடந்தோம்,
எட்டுப் பேரின் தோணியில் பதினெட்டுப் பேர்.
படுவான்கரையில் செல் விழ
எழுவான்கரையில் பாணுக்கு வரிசை.
கூடாரம் இலக்கம் 43.
எனக்குப் பதினேழு.

தண்ணீர் பவுசர் வரிசையில்தான்
லிங்கேசின் தாய் அம்மாவிடம் கேட்டா.
கட்டினதுகளைப் பிடிக்க மாட்டாங்களாம் என்று
ஆரோ சொன்னதை நம்பி
அந்தக் கிழமை மட்டும் முகாமில் ஆறு கலியாணம்.
"நீங்க என்ன குடி?" என்று அம்மா கேட்டா.
பதில் வருவதற்குள் தண்ணீர் முடிந்தது.

மஞ்சள் துண்டு குருக்கள்மடத்துக் கடையில் கடன்.
தாலி நூல், நிவாரண மாச்சாக்கின் வாய் தைத்த நூல்.
கூறைச்சேலை 17ஆம் கூடாரத்து மங்களேஸ் அக்காவுடையது;
ஆறு பேரும் அதைத்தான் உடுத்தோம்,
கரையில் பருப்புக் கறை.

அன்றிரவு அம்மா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு
வெளியே போனா.
ஊரென்றால் பெரிய வீட்டை மகளுக்கு விட்டு
வளவுக்குள் ஒரு குடிலுக்குப் போயிருப்பா.
இங்கே வளவு ஏது?
பவுசர் நிற்கும் ஈர மணலில்
தம்பியை அணைத்துக்கொண்டு படுத்தா.
அதுதான் என் சீதனம்:
ஆறடி இருட்டு,
விடியும்போது திருப்பித் தரவேண்டியது.

கூடாரத்து ஜிப் இழுக்கும் சத்தம்
42க்கும் கேட்கும், 44க்கும் கேட்கும்.
லிங்கேஸ் சவர்க்காரம் பூசிப் பார்த்தார்.
இரண்டு மாதம் எங்கள் கதையெல்லாம்
உள்ளங்கையில் விரலால் எழுதியதுதான்.
நல்ல மனிசன்.
அதையும் சொல்லத்தான் வேணும்.

"குடும்பத் தலைவர்?" மறுகாவும் கேட்டார்.
"தங்கநேசம்" என்று அம்மா தன் பெயரைச் சொன்னா.
அவர் தலையைத் தூக்காமல் சிரித்தார்.
"ஆம்பிளை இருக்கிறார்தானே, அம்மா."
நாலாம் கட்டத்தில் லிங்கேஸ்வரன் என்று எழுதினார்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
கோட்டுக்கு வெளியே நின்றது.
நாங்கள் ஐந்தாம் கட்டம்: தங்கிவாழ்வோர்.

ஓடு போட்டு, பச்சை அடித்து,
இலக்கத் தகடு அறைந்து நாலு வருசம்.
மாசி வெட்டு முடிந்த ஒரு இரவு
நெல்லுக் காசில் தொடங்கிய கதை பெருத்துப் பெருத்து
"வெளிய போ, என்ர வீட்ட விட்டு" என்றார்.

சொன்ன பிறகு அவரே பயந்துபோனார்.
இந்தக் கரையில் ஒரு ஆம்பிளை வாயில்
அந்த வசனத்தை நான் கேட்டதில்லை.
டிலக்சி கணக்குக் கொப்பியை மூடினாள்.

விறாந்தையில் பாய் சுருளும் சத்தம்.
பிறகு அம்மாவின் குரல், கோபம் இல்லாமல்,
கடைக்காரனிடம் விலை கேட்பதுபோல:
"புள்ள, இப்ப ஆர் வெளிய போறது?"

விடியும்வரை ஒருவரும் போகவில்லை.
காலையில் லிங்கேஸ் உடுப்புப் பையை எடுத்தார்,
வாசல் மட்டும் போனார், வைத்தார்.
அவருடைய தாய் வீடு
இப்போது மச்சானின் பெயரில்.

வெயில் ஏறிவிட்டது, நெல் காயவேண்டும்.
பழைய கூடாரத்துத் தறப்பாளை
முற்றத்தில் விரித்தேன்.
கறுப்பு மையில் 43, இன்னும் அழியவில்லை.
பெயர் ஒன்றும் இல்லை.
அதற்கு மேலே நெல்லைக் கொட்டினேன்.